மான் தோலுக்கு எந்தக் கத்தி?

சோழர் காலச் சோமாஸ்கந்தர் செப்புத் திருமேனிகளில் பின்கைகள் இரண்டையும் கவனித்திருப்பீர்கள். ஒன்றில் மழு, மற்றொன்றில் துள்ளி நிற்கும் மான். காவிரிப் படுகையில் வெட்டும் கருவியும் மானும் இத்தனை பக்கத்தில் இருப்பதை வேறெங்கும் எளிதில் காண முடியாது. இது நெல் விளையும் பூமி. மான் என்று சொல்லிக்கொள்ள இந்தப் பக்கம் மிஞ்சியிருப்பது முக்கியமாகக் கோடியக்கரையில்தான். வேதாரண்யத்துக்குத் தெற்கே வங்கக் கடலும் பாக் நீரிணையும் சந்திக்கும் அந்த முனையில், வெளிமான்களைக் காப்பதற்காகவே 1967-ல் சரணாலயம் அமைத்தார்கள். முறுக்கிய கொம்பும் கருத்த முதுகுமாக ஒரு கலைமான் உப்புவெளியில் நிற்பதைப் பார்த்தவருக்கு அதைச் சுட மனம் வராது என்றே நம்புகிறேன். வந்தாலும் சட்டம் விடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வெளிமான் இருக்கிறது. கொன்றவருக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை.

அப்படியானால் மானை அறுக்கும் கத்தியைப் பற்றிப் பேச இங்கே என்ன இருக்கிறது? நிறையவே இருக்கிறது. அமெரிக்கா, கனடா, ஸ்காட்லாந்து, பின்லாந்து போன்ற நாடுகளில் உரிமம் பெற்று மான் வேட்டையாடுகிறார்கள். எந்தக் கத்தி, எந்த நீளம், எந்தக் கோணம் என்று அவர்கள் தலைமுறை தலைமுறையாக யோசித்துச் சேர்த்த அறிவு, நம் பக்கத்தில் ஒருவருக்கு அப்படியே தேவைப்படுகிறது. அவர் கால்நடை மருத்துவர். காட்டில் ஒரு மான் செத்துக் கிடந்தால் நாய் கடித்ததா, வண்டி மோதியதா, நோயா, நஞ்சா என்று கண்டறிய அந்த உடலைத் திறக்க வேண்டியவர் அவர்தான். ஒரத்தநாட்டில் 2012-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி உட்பட இத்தகைய எல்லாக் கல்லூரிகளிலும் பிரேதப் பரிசோதனை ஒரு பாடம். அந்த மாணவர் கையில் இருக்கும் கத்தியும் அமெரிக்க வேட்டைக்காரரின் இடுப்பில் இருக்கும் கத்தியும் கிட்டத்தட்ட ஒரே வடிவம். இரண்டும் எதிர்கொள்வது ஒரே பொருட்களை: மயிர், தோல், ஜவ்வு, தசை, குடல், தசைநாண், குருத்தெலும்பு. இவற்றில் எதற்கு எப்படிப்பட்ட வாய் வேண்டும் என்பதுதான் கத்தியின் அறிவியல்.

வேட்டைக் கத்தி என்றதும் திரைப்படத்தில் வருவது போல முழங்கை நீளத்துக்கு ஒன்று மனதில் தோன்றும். மானைக் கொல்வது கத்தி அல்ல. துப்பாக்கியோ அம்போ அந்த வேலையைச் செய்துவிடுகிறது. கத்தியின் வேலை அதற்குப் பிறகுதான். தஞ்சை மராட்டிய மன்னர்களின் ஆயுதசாலையில் அழகழகான கட்டாரிகள் இருந்தன. 1855-ல் கடைசி அரசர் சிவாஜி மறைந்த பிறகு அந்த ஆயுதசாலை கலைக்கப்பட்டது. பெரும்பகுதி பழைய இரும்பாகப் போய்விட, தேர்ந்தெடுத்த சில சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வந்தன. அவற்றின் பிடியில் யாளியும் கொடியும் வேலைப்பாடாக இருக்கும். அலகோ பலவற்றில் ஐரோப்பாவிலிருந்து வந்தது. முஷ்டியை நீட்டிக் குத்துவதற்கான கருவி அது. அதைக் கொடுத்து ஓர் ஆட்டை உரிக்கச் சொன்னால் நம்மூர்க் கறிக்கடைக்காரர் ஓரமாக வைத்துவிட்டுத் தன் நாலணாக் கத்தியைத்தான் எடுப்பார். குத்தும் கூர் வேறு, அறுக்கும் கூர் வேறு.

கூர் என்றால் என்ன? கத்தியின் இரண்டு பக்கமும் வந்து சேரும் கோடு எவ்வளவு மெல்லியது என்பதே கூர். நன்றாகத் தீட்டிய கத்தியில் அந்த விளிம்பின் தடிமன் ஒரு மைக்ரானை ஒட்டி, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். ஐந்து சென்டிமீட்டர் நீள வாயில் ஒரு கிலோ எடைக்குச் சமமான விசையோடு அழுத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். விளிம்பு ஒரு மைக்ரான் என்றால் அங்கே விழும் அழுத்தம் ஏறக்குறைய 2000 வளிமண்டல அழுத்தம். அதே கத்தி மழுங்கி விளிம்பு 20 மைக்ரான் ஆகிவிட்டால் அதே கைக்கு 100 வளிமண்டலம்தான் கிடைக்கும். குறைந்ததை ஈடுகட்டக் கை கூடுதலாக அழுத்தும். தோல் திடீரென்று விட்டுக்கொடுக்கும் கணத்தில் அந்தக் கூடுதல் விசை எங்கே போகும்? இன்னொரு கையை நோக்கி. மொட்டைக் கத்திதான் விரலை வெட்டும் என்று சமையற்கட்டில் பெரியவர்கள் சொல்வது கணக்குப்படியே சரி.

அழுத்தம் மட்டும் போதாது, இழுக்கவும் வேண்டும். தக்காளியை மேலிருந்து அமுக்கினால் நசுங்குகிறது, கத்தியை லேசாக இழுத்தால் அறுபடுகிறது. ஏன் என்பதை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் எல். மகாதேவனும் அவருடன் பணியாற்றியவர்களும் 2012-ல் ஓர் ஆய்வாக வெளியிட்டார்கள். அகர் கூழைக் கம்பியால் வெட்டிப் பார்த்தபோது, நேராக அழுத்துவதைவிடப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே அழுத்தினால் மிகக் குறைந்த விசையிலேயே வெட்டு தொடங்கியது. நேராக அழுத்தும்போது மென்மையான பொருள் முழுவதும் அமுங்கி விசையை வாங்கிக்கொள்கிறது. இழுக்கும்போது விளிம்பை ஒட்டிய மெல்லிய பகுதி மட்டும் நீண்டு கிழிகிறது. தோலும் தசையும் அத்தகைய மென்மையான பொருட்களே. உரிக்கும் கத்தியின் வாய் நேராக இல்லாமல் வயிறு தள்ளினாற்போல் வளைந்திருப்பதற்குக் காரணம் இதுதான். கையை நேராக நகர்த்தினாலும் அந்த வளைவு தானாகவே இழுப்பைக் கொடுத்துவிடும்.

இங்கே ஓர் உயிரியல் செய்தியைச் சொல்லியாக வேண்டும். வெளிமான் என்று மான் பெயரில் அழைத்தாலும், புள்ளிமானும் கடமானும் சேர்ந்த குடும்பத்தில் அது இல்லை. ஆடும் மாடும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது. புள்ளிமானின் கொம்பு ஆண்டுக்கொரு முறை உதிர்ந்து முளைக்கும். வெளிமானின் கொம்பு ஆட்டுக்கொம்பு போல வாழ்நாள் முழுவதும் நிற்கும். வளர்ந்த ஆண் 35, 40 கிலோ இருக்கும். நல்ல வெள்ளாட்டுக் கிடாவின் எடை. ஆகவே மானின் உடலில் கத்தி எப்படிச் செல்லும் என்று அறியக் காட்டுக்குப் போக வேண்டாம், கும்பகோணத்தில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஏதேனும் ஒரு கறிக்கடை முன் நின்றால் போதும்.

அங்கே நான் கண்டு வியந்தது, உரிப்பவர் கத்தியை எவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறார் என்பது. பின்னங்கால் மூட்டைச் சுற்றி ஒரு வளையம். தொடையின் உட்புறமாக ஒரு கோடு. அவ்வளவுதான், கத்தி புளியங்கட்டையின் மேல் போய்விடுகிறது. இடது கை தோலை இழுத்துப் பிடிக்க, வலது கை முஷ்டி தோலுக்கும் தசைக்கும் நடுவே இறங்குகிறது. வெண்மையான ஈர ஜவ்வு சரசரவென்று விட்டு விலகுகிறது. அந்த ஜவ்வு தளர்ந்த நார்களால் ஆனது. கை அழுத்தத்துக்கே பிரியும். அங்கே கத்தியைக் கொண்டுபோனால் தோலிலும் ஓட்டை, கறியிலும் வெட்டு. வால் முளைக்கும் இடம், முன்னங்கால் அடி, கழுத்து ஆகிய இடங்களில் ஜவ்வு கெட்டியாகப் பற்றியிருக்கும். அங்கே மட்டும் கத்தி மறுபடி கைக்கு வரும், அதுவும் நுனியை ஒட்டிய இரண்டு விரற்கடை நீளம் மட்டும். அத்தனை பெரிய உடலுக்கு வேலை செய்யும் இரும்பு அவ்வளவுதான்.

அமெரிக்கக் கத்தி வினைஞர் பாப் லவ்லெஸ் புகழ்பெறச் செய்த வேட்டைக் கத்தி வடிவமும் இந்த உண்மையிலிருந்து பிறந்ததே. அலகு ஒன்பது, பத்து சென்டிமீட்டரைத் தாண்டாது. முதுகு நுனியை நோக்கி மெல்லச் சரிந்து இறங்கும். அதனால் நுனி மேலே தூக்கி நிற்காது. வயிற்றைத் திறக்கும்போது இது உயிர்நாடி. தோலுக்கு அடியில் மெல்லிய தசைச்சுவர். அதற்கு அடியில் உடனே இரைப்பை. ஆடு, மான் போன்ற அசைபோடும் விலங்குகளின் முதல் இரைப்பை மிகப் பெரியது. நுனி அதில் பட்டுவிட்டால் நுண்ணுயிர் நிறைந்த பசுங்கஞ்சி முழு உடலிலும் கொட்டும். வேட்டைக்காரருக்குக் கறி கெடும், மருத்துவருக்குச் சாவின் தடயம் கெடும். ஆகவே இரண்டு பேரும் ஒரே உபாயம் கற்றிருக்கிறார்கள். சிறிய துளை ஒன்றைப் போட்டு, இடக்கையின் இரண்டு விரல்களை உள்ளே நுழைத்துச் சுவரைத் தூக்கி, விரல்களுக்கு நடுவே கத்தியின் வாயை மேல்நோக்கி வைத்து உள்ளிருந்து வெளியே அறுத்துக்கொண்டு போவது. மருத்துவர் இதற்கு முன்பே மானை இடப்பக்கமாகப் படுக்க வைத்திருப்பார். கனத்த இரைப்பை அடியில் தங்கிவிடும், மற்ற உறுப்புகள் மேலே தெரியும்.

உள்ளிருந்து வெளியே அறுப்பதில் இன்னொரு ஆதாயமும் உண்டு. மயிர் அறுபடாது. மயிரை வெட்டினால் என்ன, இரும்பைவிட மென்மைதானே என்று தோன்றும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செம் டாசான் குழுவினர் 2020-ல் சயன்ஸ் இதழில் இதற்கு விடை தந்தார்கள். மனித மயிர் சவர பிளேடின் எஃகைவிடச் சுமார் 50 மடங்கு மென்மையானது. ஆனாலும் மயிர் வளைந்து சாய்வான கோணத்தில் விளிம்பைத் தொடும்போது, எஃகின் உட்கட்டமைப்பு சீராக இல்லாத இடங்களில் விசை குவிந்து துணுக்கு பெயர்ந்துவிடுகிறது. மின்னணு நுண்ணோக்கியின் கீழ் வைத்து அதைக் கண்ணாலேயே பார்த்தார்கள். மானின் மயிர் இன்னும் தடிப்பு; போதாக்குறைக்கு மண்ணில் புரண்ட உடல். கோடியக்கரை மணலில் குவார்ட்ஸ் துகள்கள் உண்டு. நன்றாகப் பதமிட்ட எஃகைவிடவும் குவார்ட்ஸ் கடினம். மயிர்ப்பக்கத்திலிருந்து நாலு முறை இழுத்தால் காலையில் தீட்டிய கூர் அங்கேயே போய்விடும்.

ஆனால் எல்லா உடலையும் திறந்துவிடக் கூடாது. வயிறு உப்பி, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருஞ்சிவப்பு ரத்தம் வழிந்து கிடந்தால் அடைப்பான் நோய் எனப்படும் ஆந்த்ராக்ஸ் என்று சந்தேகிக்க வேண்டும். அந்தக் கிருமி, உடலுக்குள் மூடிக் கிடக்கும் வரை அழுகலோடு அழியும். கத்தி பட்டுக் காற்று புகுந்தால் வித்துக்களாக மாறி மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடிருக்கும். அப்போது காதோரத்திலிருந்து ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதோடு சரி. ஆடுமாடு வளர்ப்பவர்களும் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

இனி இரும்புக்கு வருவோம். கோணம் குறையக் குறையக் கூர் கூடும், உறுதி குறையும். இருபக்கமும் சேர்த்துச் சவர பிளேடின் கோணம் 15 பாகையை ஒட்டியும், காய் நறுக்கும் கத்தி 30 பாகையை ஒட்டியும், வேட்டைக் கத்தி 40 பாகையை ஒட்டியும் இருக்கும். எலும்பையும் விறகையும் பிளக்கும் வெட்டரிவாளுக்கு 50-க்கு மேல் போனாலும் தவறில்லை. ஒரே கத்தி உரிக்கவும் வேண்டும், எலும்பை உடைக்கவும் வேண்டும் என்று ஆசைப்படுவது எனக்குப் பிழையாகவே படுகிறது. கறிக்கடைக்காரர் இரண்டு கருவி வைத்திருக்கிறார், அதுவே முறை. மூட்டைப் பிரிக்க வெட்டவும் வேண்டியதில்லை. குருத்தெலும்பின் இடுக்கைத் தேடி நுனியை விட்டால் காலே கழன்றுவரும்.

நம் பட்டறைகளில் அரிவாளுக்கும் கத்திக்கும் பெரும்பாலும் வாங்குவது பழைய லாரிப் பட்டை. திருப்பாச்சேத்தி அரிவாளின் பெயர் தெரியாதவர் தமிழ்நாட்டில் குறைவு. ஆனால் பட்டையைக் காய்ச்சி அடிக்கும் கொல்லர் தஞ்சை வட்டாரத்து ஊர்களிலும் உண்டு. லாரியின் பாரத்தைத் தாங்கித் தாங்கி வளைந்து நிமிர்வதற்கென்றே செய்த எஃகு அது, கார்பன் 0.5 முதல் 0.6 சதவீதம். உலையில் செக்கச்சிவக்கப் பழுத்துக் காந்தம் ஒட்டாத நிலைக்கு வரும்போது, அதாவது 770 பாகை செல்சியஸைத் தாண்டும்போது, இரும்பணுக்களின் அடுக்கே மாறத் தொடங்கி, மேலும் காய்ந்தால் கார்பன் உள்ளே கரைந்துவிடும். அந்தச் சூட்டில் எண்ணெயிலோ நீரிலோ தோய்த்தால் கார்பனுக்கு வெளியேற நேரமிருக்காது. சிக்கிக்கொண்ட கார்பன் அடுக்கை விறைக்க வைக்கும். மார்ட்டென்சைட் எனும் அந்தக் கட்டமைப்பு கடினமானது, ஆனால் கீழே விழுந்தாலே உடையும். ஆகவே மறுபடி இளஞ்சூட்டில் காட்டுகிறார்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய அலகில் வைக்கோல் நிறம் ஓடும்போது 230 பாகை, நீலம் பாயும்போது 300 பாகை. வாய் வைக்கோல் நிறத்தில் நிற்க, முதுகு நீலம் காட்டினால் கூர் நிற்கும் வாயும் ஒடியாத முதுகும் ஒரே அலகில் கிடைக்கும். வெப்பமானி இல்லாமல் கண்ணாலேயே இருபது பாகை வித்தியாசத்தைப் பிரித்தறியும் அந்தத் திறமைக்கு நம் பாடப்புத்தகங்களில் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

நொய்யல் கரைக் கொடுமணலிலும் பழைய தென்னார்க்காட்டு மேல்சிறுவலூரிலும் மூசையில் உருக்கிய எஃகுக்கு உலகப் புகழ் உண்டு. மைக்கேல் ஃபாரடேயே அந்த இந்திய எஃகை ஆராய்ந்திருக்கிறார். ஒன்றரை சதவீதத்தை ஒட்டிய கார்பன் கொண்ட அந்த எஃகு வாளுக்குப் பெருமை. மான் உரிக்க அது தேவையில்லை. லாரிப் பட்டை தாராளமாகப் போதும்.

கத்திக்கும் அறுபடும் பொருளுக்கும் உள்ள பொருத்தத்தை மிக அழகாகக் காட்டுவது டெல்டாவின் சொந்தக் கருவியான கருக்கரிவாள். நெல் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சித் தாளிலும் இலையிலும் கண்ணாடித் துகள்களாகப் படிய வைக்கிறது. வைக்கோலின் உலர் எடையில் பத்தில் ஒரு பங்கு வரைகூட சிலிக்கா இருக்கும். வழவழப்பான வாய் அதில் சீக்கிரம் மழுங்கும். உலர்ந்த தாளில் வழுக்கவும் செய்யும். கருக்கரிவாளில் அலகின் ஒரு முகத்தில் மட்டும் உளியால் நெருக்கமாகக் கோடு கொத்தியிருக்கும், பற்கள் பிடியை நோக்கிச் சாய்ந்து. தாளைக் கொத்தாகப் பிடித்து இழுக்கும்போது ஒவ்வொரு பல்லும் தனித்தனியாகக் கடிக்கும். மறுமுகம் வழவழப்பு. அந்த முகத்தைத் தேய்த்தால் கோடுகள் விளிம்பில் வந்து முடியும் இடமெல்லாம் புதுப் பல் தானாக முளைக்கும். அறுவடை இயந்திரம் வந்தபின் அதை எடுப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். அந்த வடிவமைப்பின் நுட்பத்துக்காகவாவது ஒவ்வொரு பள்ளி ஆய்வகத்திலும் ஒன்றை வைக்க வேண்டும் என்பது என் விருப்பம். அதே பற்களை மான் தோலில் இழுத்தால் ஜவ்வு பற்களுக்கிடையில் சிக்கித் தாறுமாறாகக் கிழியும். நாருக்கு உகந்த வாய் தோலுக்கு ஆகாது.

எப்படிப்பட்ட கத்தியானாலும் தீட்டத் தெரியாதவர் கையில் பயனில்லை. 1991-ல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கிடைத்த 5,300 ஆண்டுப் பழைய மனிதர் ஓட்சி. சிவப்பு மான் இறைச்சியும் ஐபெக்ஸ் எனும் மலையாட்டு இறைச்சியும் அவர் வயிற்றில் இருந்தன, இடுப்பில் மரப்பிடி போட்ட 13 சென்டிமீட்டர் தீக்கல் கத்தி. அவருடைய கருவிகளை ஆராய்ந்தவர்கள் 2018-ல் சொன்னது, அவர் இறப்பதற்குச் சற்று முன்புதான் அவற்றை மறுபடி கூராக்கியிருக்கிறார், மேலும் தீட்ட முடியாத அளவுக்குக் கல் தேய்ந்திருந்தது என்பதே.

டெல்டாவிலோ வண்டல்தான், கல்லே கிடையாது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. சாணைக்கல்லும் அப்படியே. அது இல்லாத இடத்தில் பலகை மேல் வெங்கச்சங்கல் பொடியைத் தூவித் தீட்டுவது மரமேறுபவர்களின் வழி. எதில் தீட்டினாலும் கோணம் மாறாமல் இருபக்கமும் சமமாக இழுக்க வேண்டும். ஒரு பக்கம் தீட்டி முடிந்ததற்கு அடையாளம், எதிர்ப்பக்கத்தில் விரலில் உறுத்தும் மெல்லிய பிசிறு. பிசிறு வாய் நெடுகத் தட்டுப்பட்ட பிறகே பக்கத்தை மாற்ற வேண்டும். கடைசியில் அழுத்தாமல் மாற்றி மாற்றி இழுத்துப் பிசிறை நீக்கினால் செய்தித்தாளைத் தொங்கவிட்டு அறுக்கலாம். வேலை நடுவில் கூர் மங்கினால் கல்லுக்குப் போகத் தேவையில்லை. பெரும்பாலும் விளிம்பு தேய்ந்திருக்காது, மடிந்திருக்கும். வழவழப்பான கம்பியில் நாலு இழுப்பு அதை நிமிர்த்திவிடும்.

கொழுப்பு பட்ட பிடி வழுக்கும். ஆகவே விரலுக்கு முன்னால் ஒரு தடுப்பு மேடு அவசியம். முடிந்ததும் சோப்பு நீரில் கழுவி, நோயுற்ற உடலில் பட்டிருந்தால் கிருமிநாசினியில் ஊறவைத்து, ஈரம் போகத் துடைத்துத் தேங்காயெண்ணெய் பூசிவைக்க வேண்டும். வேதாரண்யத்து உப்புக்காற்றில் லாரிப் பட்டைக் கத்தி ஒரே இரவில் செம்பழுப்பு ஏறும். தோல் உறையில் செருகி வைப்பது இன்னும் மோசம். உறை ஈரத்தை வாங்கி அலகோடு ஒட்டவைத்துக்கொள்ளும். எண்ணெய்த் துணியில் சுற்றி, காற்று படும் இடத்தில் பரண் மேல் வைத்தால் அடுத்த முறை எடுக்கும்போது கம்பியில் ஓர் இழுப்புக்கு மேல் தேவைப்படாது.